முதல் சம்பளம் வரும் வரை

சென்னைக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பக்கம் வேலை வாங்கிக் கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஓ.எம்.ஆர். என்கிற ஐ.டி. கம்பெனிச் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம், அத்தனைக்கும் தரை துடைக்க, கேட்டில் நிற்க, கேன்டீனில் தட்டு கழுவ ஆள் வேண்டும், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனால் செவ்வாய்க்கிழமை யூனிபார்ம் கொடுத்துவிடுவார்கள். நானும் அப்படிப் பல பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, அப்பாடா, ஒரு குடும்பம் கரையேறியது என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பதினெட்டாம் நாள், இருபதாம் நாள் பார்த்தால் அதே அக்கா பழையபடி கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் ஆட்களோடு இலை எடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால் "சரிப்பட்டு வரலப்பா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இவர்களுக்கு ஒழுங்காக ஓரிடத்தில் வேலை செய்கிற பழக்கம் இல்லை என்று நானும் கொஞ்ச காலம் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் ஒரு வீட்டில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் உறைத்தது. முகூர்த்த நாளில் கேட்டரிங் போனால் ராத்திரியே கையில் 600 ரூபாய். கம்பெனி வேலை என்றால் மாதம் 12,000, ஆனால் அது வருவது அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோ. நடுவில் நாற்பது நாள் அந்த வீட்டில் காய் வாங்கக் காசு எங்கிருந்து வரும்? யாரும் வேலையை விட்டு ஓடவில்லை, முதல் சம்பளம் வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மகளிர் குழு நடத்துகிறவர்கள், தெரு இளைஞர்கள், "எங்க வீட்டு வேலைக்கார அக்கா குடும்பத்துக்கு ஏதாவது பண்ணணும்" என்று நினைக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ரேஷன் அரிசி, உரிமைத் தொகை, உதவித்தொகை, நடுநடுவே கூலி என்று ஓடுகிற ஒரு குடும்பத்தில் ஒருவரையாவது பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமிப்பு), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிற வேலையில் நிலைக்க வைப்பது எப்படி என்பதுதான் விஷயம். சென்னைத் தென்பகுதியை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பயத்தைத் தீருங்கள்

வேலை என்று பேச்செடுத்ததும் அவர்கள் மனதில் ஓடுகிற கேள்வி "அப்போ வர்றது நின்னுடுமா?" என்பதுதான். வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நீங்களே எடுத்துப் பேசுங்கள், பொத்தாம்பொதுவாக "ஒன்றும் நிற்காது" என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் சிலது நிற்கும்.

அரிசி நிற்காது. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது, முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி உண்டு, சம்பளச் சீட்டைக் கடைக்காரர் கேட்கப்போவதில்லை. மகளிர் உரிமைத் தொகை கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 2023 செப்டம்பர் 15 அன்று அது தொடங்கியபோது வைத்த விதியில் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. வீட்டில் ஒருவர் மட்டும் 12,000 சம்பாதித்தால் ஆண்டுக்கு 1,44,000, பிரச்சினையே இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தலைக்கு 11,000 வாங்கினால் 2,64,000, கோட்டைத் தாண்டிவிடும். இதை மறைக்காமல் சொல்லுங்கள், பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். மாதம் 1,000 உரிமைத் தொகை போகக்கூடும், இரண்டாவது ஆளின் சம்பளம் 11,000 வரும், முடிவு அவர்களுடையது. நீங்கள் சொல்லாமல் விட்டுப் பின்னால் அது நின்றுபோனால் அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

யாரும் கவனிக்காத இடம் மருத்துவக் காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, அதாவது மாதம் 10,000. பன்னிரண்டாயிரம் சம்பளம் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் இ.எஸ்.ஐ. இல்லாத 12,000 ரூபாய் வேலையை நான் வேலையாகவே எண்ணுவதில்லை, வீட்டில் சர்க்கரை வியாதிக்காரரோ டயாலிசிஸ் பண்ணுகிறவரோ இருந்தால் சொல்லவே வேண்டாம். இ.எஸ்.ஐ. இருந்தால் சேர்ந்த நாளிலிருந்தே குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் (உயர்சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும்), கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் குடும்பத்தினர் பெயர், ஆதார் எல்லாவற்றையும் கம்பெனி ஏற்றியிருக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடுவார்கள், முதல் வாரத்திலேயே விரட்டுங்கள்.

விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் (2023-இல் இருந்து அது 1,200 ரூபாய்) தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்பு தாசில்தாரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது ஆதரவற்றோருக்கு என்ற நிபந்தனையோடு வருகிற பணம், ஒரே வீட்டில் மகன் சம்பளக்காரன் ஆனால் என்ன ஆகும் என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காகிதம்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதில் இடறி விழுந்தவர்கள் நிறைய. ஆதாரில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் மாறி ஒரு பெயர் என்றிருந்தால் பி.எஃப். எண் உருவாக்குவதில் சிக்கும். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் ரீசார்ஜ் பண்ணாமல் போய் வேறு யாருக்கோ போயிருக்கும். இரண்டையும் வேலை தேடும் முன்பே ஆதார் சேவை உள்ள இ-சேவை மையத்தில் சரி பண்ணிவிடுங்கள்.

பேங்க் கணக்கைத் தனியாகப் பாருங்கள். முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த ஜன்தன் சிறு கணக்கு என்றால் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளே வர முடியாது. சம்பளக் கணக்குக்கு அது உதவாது. ஆதாரைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். இன்னொன்று: பழைய லோனுக்கு ஆட்டோ டெபிட் கொடுத்து வைத்த கணக்காக இருக்கிறதா என்று கேளுங்கள். காலியாகக் கிடந்த கணக்கில் தவணை திரும்பித் திரும்பி அபராதம் ஏறி உட்கார்ந்திருக்கும், சம்பளம் விழுந்த மறு நிமிடம் 3,000 காணாமல் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் சம்பளம் எடுக்க ஏ.டி.எம்.முக்குப் போய், மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். வேறு பேங்கில் புதுக் கணக்கு திறந்துவிட்டால் இந்த அதிர்ச்சி இருக்காது. கடனை அடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் சம்பளத்தை அவர் கையால் எண்ணட்டும் என்கிறேன்.

ரெஸ்யூம் எழுதிக் கொடுப்பது, நேர்காணல் பயிற்சி கொடுப்பது எல்லாம் இந்த வேலைகளுக்கு வீண். எந்த சூப்பர்வைசரும் படிப்பதில்லை.

காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை

வேலை எங்கே கிடைக்கும் என்பதற்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாமுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே வருகிறவர்களைப் பற்றி நாளைக்கு ஒரு புகார் என்றால் கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. அதைவிட நல்ல வழி ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர் சொல்லும் இடம்தான். அவருடைய பே ஸ்லிப்பை வாங்கிப் பாருங்கள், முழுக் கதையும் அதில் இருக்கும்.

கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற காண்ட்ராக்டரிடம், கைக்கு எவ்வளவு வரும் என்பது முதல் கேள்வி. 12,000 என்று சொன்னால் அதில் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், 1,440. மிச்சம் 10,470. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "பன்னிரண்டுன்னு சொல்லிப் பத்து குடுத்துட்டான்" என்று கோபத்தில் வேலையை விட்டுவிடுவார்கள், நியாயமான கோபம்தான். நிர்வாகம் தன் பங்காகக் கட்ட வேண்டியதையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்தால் அது சட்டப்படி தப்பு, பே ஸ்லிப்பில் பி.எஃப். இரண்டு முறை கழிந்திருந்தால் சண்டை போடுங்கள். யூனிபார்ம், ஷூவுக்குப் பிடிப்பார்களா, எத்தனை மாதத்தில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கட்டாயம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வியை நான் ரொம்ப நாள் கேட்காமல் இருந்தேன்: அட்டெண்டன்ஸ் எந்தத் தேதியில் மூடுகிறீர்கள், சம்பளம் எந்தத் தேதி? மாதம் 25-ஆம் தேதியோடு கணக்கை மூடி ஏழாம் தேதி சம்பளம் போடுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 26 அன்று சேர்ந்தால் அந்த நாட்கள் எல்லாம் ஜூலைக் கணக்கில் போய் ஆகஸ்ட் 7 அன்றுதான் பணம், 42 நாள். அதே ஆள் ஜூன் 12 அன்று சேர்ந்தால் ஜூலை 7 அன்று பதினான்கு நாள் சம்பளம் கைக்கு வந்துவிடும், 25 நாள்தான். சேரும் தேதியை இரண்டு வாரம் முன்னே தள்ளியதற்கே ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்காமல் தப்பிக்கிறது. சேரும் தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் ஆள் அவசரம் என்று சூப்பர்வைசர் கத்துவார், கத்தட்டும்.

கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னதும் முகம் மாறுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. விலாசத்தை மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள், ஆதாரில் தெரிந்துவிடும், பொய் சொன்னான் என்ற பேரும் சேரும். அந்தப் பகுதியிலிருந்து ஏற்கெனவே ஆள் எடுத்த இடத்துக்கே மூன்று நான்கு பேராகச் சேர்த்து அனுப்புவதுதான் எனக்குப் பலித்த வழி. ஒருவருக்கு ஒருவர் துணை, விடியற்காலை பஸ்ஸுக்கும் துணை.

அந்த நாற்பது நாள்

உங்கள் உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். சேர்வதற்கு முந்தைய வாரம், ராத்திரி எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் போய் உட்காருங்கள், வீட்டுக்காரரும் இருக்கட்டும். ஒரு நோட்டில் முதல் சம்பளத் தேதி வரைக்கும் நாட்களை எழுதி, எந்த நாளில் என்ன காசு போகும் என்று குறியுங்கள். பால், காய், கேஸ் சிலிண்டர் தீரும் நாள், போன் ரீசார்ஜ், பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மாமியார் மாத்திரை. பிறகு வரவு: ரேஷன் எப்போது, உரிமைத் தொகை விழும் தேதி, வீட்டுக்காரர் கொடுப்பது (அவர் சொல்கிற தொகையில் பாதியை எழுதுங்கள்).

இப்போது கடன். பெரும்பாலான வீட்டில் தண்டல் இருக்கும். பத்தாயிரம் என்று பேர், கையில் கொடுப்பது ஒன்பதாயிரம் அல்லது அதற்கும் கீழே, தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினக்கூலி வாங்கும்போது அந்த நூறு ரூபாய் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது, மாதச் சம்பளத்துக்கு மாறியதும் தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது? வேலையை விட்டவர்களில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டார்கள் என்பது என் அனுபவம். தண்டல்காரரிடம் சேர்வதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், "இனிமேல் மாதச் சம்பளம், ஏழாம் தேதி மொத்தமாக மூவாயிரம் வாங்கிக்கோங்க, முதல் மாதம் மட்டும் பொறுங்க" என்று. நான் கேட்டவரைக்கும் பாதிப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டார்கள். நிலையான சம்பளம் என்றால் அவர்களுக்கும் ஒரு தெம்பு, புதுக் கடன் கொடுக்கலாமே என்ற கணக்கும் உள்ளே ஓடும், அந்த வலையில் விழவேண்டாம் என்று இந்தப் பக்கமும் சொல்லி வையுங்கள்.

குழு லோன் என்று சொல்கிற மைக்ரோ பைனான்ஸ் கொஞ்சம் முரடு, வாரக் கூட்டத்தில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் கலெக்‌ஷன் பையன் குரல் இறங்கும். கூட்டம் வேலை நேரத்தில் வந்தால் தவணையை யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நோட்டில் ஒரு ஓட்டை தெரியும். பெரும்பாலும் நான்காயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில் வரும். அதை அடைப்பது எப்படி? மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன், ஒரு ரூபாய் வட்டியோ இரண்டு ரூபாய் வட்டியோ, இரண்டாம் சம்பளத்திலிருந்து மூன்று தவணையாகத் திரும்பினால் போதும். குழுவில் இதற்கென்று இருபதாயிரத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தால் அது சுற்றிச் சுற்றி வரும். குழு இல்லாத வீட்டுக்கு உங்கள் கையிலிருந்து கொடுப்பதானால் மொத்தமாகக் கொடுக்காமல் வாரம் ஆயிரமாகக் கொடுங்கள், கடன் என்று சொல்லியே கொடுங்கள். இனாம் என்றால் நம்மைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவார்கள், அந்த வெட்கம் எனக்கும் புரிகிறது. வார விடுமுறை நாளில் முகூர்த்தம் விழுந்தால் கேட்டரிங் போகட்டும், தப்பில்லை. கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து.

பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை தினமும் ஒரு போன் பண்ணுங்கள். "சாப்பிட்டீங்களா, இன்னைக்கு என்ன வேலை கொடுத்தாங்க" என்கிற அளவுக்குப் போதும், அறிவுரை வேண்டாம். விட்டுவிடலாம் என்ற யோசனை அந்த நாட்களில்தான் வரும்.

பிள்ளை, பஸ், வீட்டுக்காரர்

ஷிப்ட் ஏழு மணிக்கு என்றால் வீட்டைவிட்டு ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புவது யார்? அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காலை உணவு இருக்கிறது, 2022-இல் மதுரையில் தொடங்கியது, அது பெரிய கை கொடுக்கிறது, ஆனால் பிள்ளையை அந்த நேரத்துக்குப் பள்ளியில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். அங்கன்வாடி மாலை வரைக்கும் ஓடாது. அடுத்த வீட்டு ஆயாவுக்கு மாதம் எண்ணூறு ஆயிரம் என்று பேசி, அந்தச் செலவையும் நோட்டில் ஏற்றிவிடுங்கள். "அக்கம்பக்கத்துல பாத்துக்குவாங்க" என்று விடுகிற ஏற்பாடு இரண்டாவது வாரம் உடையும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதையும் புருஷன் முன்னாலேயே கேட்டு வையுங்கள், அந்தக் கேள்வி அவர் காதில் விழ வேண்டும்.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம், டீலக்ஸ், ஏ.சி.க்கு அது செல்லாது. சேர்வதற்கு முன் ஒரு வார நாளில் அதே நேரத்துக்கு ஒரு முறை போய் வரச் சொல்லுங்கள், இலவச வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களில் எத்தனையோ பெண்கள் பழைய வீட்டு வேலைகளை இழந்ததே இந்தத் தூரத்தால்தான்.

சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று பக்குவமாகக் கேளுங்கள். அதற்கு மேல் அதில் தலையிட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வேலை நிலைத்த பிறகு

மூன்றாவது மாதம் பி.எஃப். கட்டுகிறார்களா என்று பாருங்கள். யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பதிந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ். வரும். பிடித்தம் இருந்தும் பணம் ஏறவில்லை என்றால் பே ஸ்லிப்பை வைத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், தனியாக ஒருவர் போவதைவிட அதே இடத்தில் வேலை செய்கிற ஐந்து பேர் சேர்ந்து போனால் நல்லது.

ஹவுஸ்கீப்பிங்கில் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காண்ட்ராக்டர் மாறுவார். ஆட்கள் அதே ஆட்கள், துடைப்பது அதே தரை, கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. அப்போது பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள், புது எண் போட விடாதீர்கள். மாறும் ஒவ்வொரு தடவையும் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்கிற பழக்கம் இருக்கிறது, அவசரத்துக்கு எடுப்பதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பத்து ஆண்டு சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து முழுக்க எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகளும் சேர்ந்து போய்விடும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அதே வீட்டில் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா சுற்றுகிற பையனோ பெண்ணோ இருந்தால், அம்மாவின் மூன்றாவது சம்பளம் வந்ததும் அரசு ஐ.டி.ஐ. பற்றிப் பேச்செடுங்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் 1,000 ரூபாய். அதற்கு முன்னால் பேசினால் "அவனும் சம்பாதிச்சாத்தான் அடுப்பு எரியும்" என்பார்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை பொதுவாகக் கோடையில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நடக்கும், அதனால் அந்த வீட்டில் பிள்ளை இருந்தால் அம்மாவை ஜனவரி பிப்ரவரியிலேயே வேலையில் சேர்த்துவிடப் பாருங்கள்.